துணைக்கருவி என்று எழுதிய கை

இந்தத் தொடரில் இதுவரை எழுதியதெல்லாம் எனக்குச் சுலபமாக வந்தது. காவேரியில் வெள்ளம் வந்த வருஷம், முக்கொம்புக்குப் பிள்ளைகளை அழைத்துப் போய் மழையில் மாட்டிக்கொண்டது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதித் தபாலில் போட்டேன். இந்த வாரத்து விஷயத்தை எழுத உட்காருவதும் எழுந்துபோவதுமாக முப்பது வருஷம் ஓடிவிட்டது. பயம்தான் காரணம். வேறு எதையும் சாக்காகச் சொல்ல மாட்டேன்.

சமீபத்தில் ஒரு மேடையில் இதே சம்பவத்தை வேறு மாதிரி சொன்னார்கள். சொல்லி முடித்து எனக்குப் பொன்னாடையும் போர்த்தினார்கள். அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவனுக்கு, இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் பெருமாள் முன்னால் போய் நிற்க யோக்கியதை இல்லை என்று பட்டது.

கோபத்தோடுதான் எழுதுகிறேன். முக்கால்வாசிக் கோபம் என் மேல்.

உள்ளேன் ஐயா

முதலில் ஞாபகம் வருவது ஒரு காலை நேரம். ஸ்ரீரங்கத்தில் நான் வேலை பார்த்த நடுநிலைப் பள்ளி, எட்டாம் வகுப்பு. வருகைப் பதிவு எடுக்கிறேன். ஒவ்வொரு பிள்ளையாக எழுந்து ‘உள்ளேன் ஐயா’ சொல்லி உட்காருகிறது.

கோதை என்ற பெண்ணின் முறை வருகிறது. வடக்குச் சித்திரை வீதியில் கோயில் கைங்கர்யக் குடும்பத்துப் பெண். நெட்டையாக இருப்பாள். எழுந்து நின்று என் கண்ணை நேராகப் பார்த்து, “உள்ளேன் ஐயா. கட்டை?” என்றாள்.

நான் அடுத்த பெயரைப் படித்தேன்.

மறுநாளும், “உள்ளேன் ஐயா. கட்டை?” அதற்கு மறுநாளும் அதேதான். ஒரு மாதத்துக்கு மேல் ஒருநாள் தவறாமல் கேட்டாள். அதட்டிப் பார்த்தேன், வெளியே நிறுத்திப் பார்த்தேன். வெளியே நின்றபடியே கேட்டாள்.

எந்தக் கட்டை, ஏன் கேட்டாள் என்று சொல்ல வேண்டுமானால் நான் வாத்தியாரான கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆடு தின்ற பாடக் குறிப்பு

என் படிப்பு எட்டாம் வகுப்பு. அதற்கு மேல் திருச்சியில் இரண்டு வருஷம் வாத்தியார் டிரெயினிங், அவ்வளவுதான். ஐம்பதுகளின் தொடக்கம் அது.

எங்கள் டிரெயினிங் வாத்தியார் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார். படத்தைவிட பொம்மை மேல், பொம்மையைவிட நிஜப் பொருள் மேல் என்பார். பாடம் நடத்துவதற்கு முந்தின நாளே ஏட்டில் கட்டம் போட்டு, நோக்கம், முன்னறிவு, துணைக்கருவி என்று வரிசையாக எழுத வேண்டும். துணைக்கருவி என்றால் பிள்ளைகளுக்குக் காட்டிப் புரியவைக்கிற சாமான். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் ஏடு நம் மூஞ்சியைத் தேடிப் பறந்து வரும்.

வீட்டு விலங்குகள் பாடத்துக்கு நான் உறையூரிலிருந்து ஓர் ஆட்டைப் பிடித்து வந்தேன். அது வகுப்புக்குள் நுழைந்து முதல் காரியமாக என் பாடக் குறிப்பைத் தின்றது. பிள்ளைகள் சிரித்த சிரிப்பு அடுத்த கட்டடம் வரைக்கும் கேட்டது. டிரெயினிங் வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. எல்லார் முன்னாலும் என் தோளைத் தட்டி, “நிஜப் பொருள்னா இப்படித்தாண்டா, உசுரோட இருக்கும்” என்றார்.

அந்தத் தட்டு என்னைக் கெடுத்தது. அன்று முதல் உயிரோடு இருக்கிற எதைப் பார்த்தாலும் இதை எந்தப் பாடத்துக்குக் கொண்டுபோகலாம் என்று பார்க்கிற புத்தி வந்துவிட்டது.

நாவல்

அறுபதுகளின் நடுவில் ஒரு வருஷம் எட்டாம் வகுப்புக்குத் துணைப்பாடமாக ஒரு நாவலின் சுருக்கம் வந்தது. அதுவரை புராணக் கதைகளைத்தான் துணைப்பாடமாக நடத்தியிருந்தோம். இது நம் காலத்துக் கதை. எழுதியவரும் நம் காலத்தவர். அதன் பெயரை இங்கே எழுதவில்லை. நடந்த எதற்கும் அந்தப் புத்தகம் பொறுப்பில்லை.

யுத்த காலத்தில் பர்மாவைவிட்டுக் கால்நடையாக வருகிற இரண்டு பேரின் கதை. ஒருவர் ரங்கூனில் கோயில் மடப்பள்ளியில் வேலை பார்த்த ஆசாரக்காரர். இன்னொருவர் மரம் அறுக்கிற ராவுத்தர். காட்டு வழியில் ஆசாரக்காரருக்குப் பார்வை போய்விடுகிறது. ராவுத்தர் தன் தலைப்பாகையை அவிழ்த்து ஒரு முனையை அவர் கையில் கொடுத்து, மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டு நடத்தி வருகிறார். ராவுத்தர் கையால் தண்ணீர்கூட வாங்கமாட்டேன் என்றவர், ஒரு மலைச் சரிவில் வாயைத் திறந்து காட்டுகிறார்.

அந்த இடத்தை நடத்தும்போது நான் அழுவேன். அழுதால் நல்ல வாத்தியார் என்று எனக்கு ஓர் எண்ணம்.

இதில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் சின்ன வயதில் குடியிருந்த தெருவிலேயே அப்படி நடந்து வந்தவர் ஒருவர் இருந்தார். சாப்பிட்டு எழும்போது ஒரு கைப்பிடிச் சோற்றை வேட்டி மடிப்பில் முடிந்துகொள்வார். ஏன் என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுக்கும். அம்மா என் தொடையில் கிள்ளி, “அவரா சொன்னா கேட்டுக்க. நீயா கேக்காதே” என்பாள். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. எந்த டிரெயினிங்கிலும் எனக்குச் சொல்லித் தராத பாடத்தை அவள் ஒரு கிள்ளில் சொல்லித் தந்தாள். நான்தான் அதைத் தொலைத்தேன்.

பாக்கியம்

அந்த வருஷம்தான் பர்மாவிலிருந்து கப்பல் கப்பலாக நம் ஜனங்கள் வந்து இறங்கினார்கள். தலைமுறையாக அங்கே இருந்தவர்களை ஒரு டிரங்குப் பெட்டியோடு அனுப்பிவிட்டார்கள். முத்தையா என்பவர் தன் மகளோடு ஸ்ரீரங்கத்தில் இருந்த அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தார். பர்மாவில் மோல்மேன் என்ற ஊரில் அரிசி ஆலையில் வேலை பார்த்தவர், இங்கே காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். மகளை எங்கள் பள்ளியில் சேர்க்க அழைத்து வந்தார். அவளைப் பாக்கியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா பேரும் நான் மாற்றி வைத்ததுதான்.

முதல் நாள் கன்னத்தில் வெளிர்மஞ்சளாக ஏதோ பூசிக்கொண்டு வந்தாள். தனகா என்று ஒரு மரமாம். அதன் கட்டையைச் சந்தனம் போல் உரைத்துப் பூசிக்கொள்வது அந்த ஊர்ப் பெண்கள் வழக்கம். பையன்கள் சிரித்தார்கள். மறுநாள் கன்னத்தைக் கழுவிவிட்டு வந்தாள்.

சேர்க்க வந்த அன்று படிவத்தைப் பூர்த்தி செய்துகொண்டிருந்தேன். தாயார் பெயர் என்ற இடத்தில் நிமிர்ந்து பார்த்தேன். முத்தையா மகளைக் குழாயடிக்குப் போகச் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அவ அம்மா உசுரோட இருக்கா சார். அந்த ஊர்க்காரி. கப்பலேற அவளுக்குக் காகிதம் தரமாட்டேன்னுட்டாங்க. கைப்புள்ளையோட துறைமுகத்துலயே நின்னுட்டா. எங்க அக்கா, வெளியில தெரிஞ்சா புள்ளையை ஒருத்தன் கட்டமாட்டான்றா. அதனால செத்துப்போச்சுன்னு சொல்லச் சொல்லியிருக்கோம்.” என் நெற்றியைப் பார்த்தார். “நாமம் போட்டிருக்கீங்க. உங்ககிட்ட பொய் சொல்ல மனசு வரலை.”

பெருமாள் ஆணையாக ஒருவரிடமும் சொல்லமாட்டேன் என்றேன். ஆணையிடச் சொல்லி அவர் கேட்கவில்லை. நானாகத்தான் பெருமாளை இழுத்தேன்.

அவள் எட்டாவது முடித்துவிட்டால் நர்ஸ் வேலைக்குப் படிக்க வைத்துவிடலாம், அதற்கப்புறம் யார் தயவும் வேண்டாம் என்பது அவர் கணக்கு. அந்த எட்டாவதுதான் அந்தக் குடும்பத்துக்கு இருந்த ஒரே பிடி. நடந்ததையெல்லாம் இதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

உட்கார இடம் கோதைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. வீட்டு ஆசாரத்துக்காகக் கோதை பெஞ்சு ஓரத்தில் ஓர் ஆள் இடம் விட்டுத் தனியாக உட்காருவாள். மத்தியானம் வீட்டுக்குப் போய்த்தான் சாப்பிடுவாள். இவளைப் பக்கத்தில் உட்கார வைத்தால் வீட்டிலிருந்து யாராவது சண்டைக்கு வருவார்கள் என்று பயந்தேன். ஒருவரும் வரவில்லை.

பாக்கியம் தமிழ் பேசுவாள், எழுத்துத்தான் தடுமாறும். கோதை அவளுக்கு எழுதிக் காட்டினாள். கப்பலைப் பற்றிக் கோதை கேட்டது ஒரே ஒரு கேள்வி, அதுவும் என் காது பட. “எத்தனை தடவை வாந்தி எடுத்தே?” ஏழு தடவை என்றாள் இவள். “பொய். உன்னைப் பாத்தா பத்து மாதிரி இருக்கு” என்றாள் கோதை. இரண்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன.

பாக்கியத்தின் ஜியாமெட்ரி பெட்டியில் விரல் நீளத்துக்குத் தனகா கட்டை ஒன்று இருந்தது. அம்மா கொடுத்தனுப்பியது. இடைவேளையில் குழாயடிக் கல்லில் அதை உரைத்து, இருவரும் முழங்கை மடிப்பில், யாருக்கும் தெரியாத இடத்தில் பூசிக்கொள்வார்கள். கணக்கு நோட்டைத் திருத்தக் கொண்டுவரும்போது லேசாக வாசனை வரும். கோதையிடமும் வரும்.

நன்றாகத்தான் இருந்தது. நான் மட்டும் சும்மா இருந்திருக்கலாம்.

மாதிரிப் பாடம்

டிப்டி இன்ஸ்பெக்டர் ஆண்டுத் தணிக்கைக்கு வருகிற தேதி தெரிந்தது. தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். “உங்க கிளாஸ்ல அந்த பர்மாப் பொண்ணு இருக்குல்ல. டிப்டி வர்ற அன்னைக்கு அந்த நாவலையே நடத்திடுங்க. நடுவுல அவளை எழுப்பி விட்டீங்கன்னா போதும், பாடம் தானா நடக்கும்.”

வேண்டாம் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை. எனக்கே அந்த எண்ணம் முன்னாலேயே வந்திருந்தது என்பதுதான் உண்மை.

அன்று சாயங்காலம் விளக்கேற்றி, சேவித்துவிட்டு, ஏட்டை எடுத்து வைத்துக்கொண்டு எழுதினேன். துணைக்கருவிகள்: ஒன்று, பர்மா தேசப் படம். இரண்டு, தனகா கட்டை. மூன்று, மாணவி பாக்கியம், நேரில்.

அழகான கையெழுத்தில் எழுதினேன்.

கட்டையைக் கொண்டுவரச் சொன்னபோது, “திருப்பிக் குடுத்துடுவீங்கள்ல சார்?” என்று கேட்டாள். ஒரு மணி நேரம்தான் என்றேன்.

டிப்டி வந்தார். படத்தை மாட்டினேன், பாடத்தைத் தொடங்கினேன். கட்டை பெஞ்சு பெஞ்சாகக் கைமாறிப் போய்க்கொண்டிருந்தது. ராவுத்தர் தலைப்பாகையை அவிழ்க்கிற இடத்தில் நிறுத்திப் பாக்கியத்தை எழுப்பினேன். இவள் அங்கிருந்து வந்தவள் என்றேன்.

“நடந்தா வந்தே?” என்றார் டிப்டி.

“கப்பல்ல சார்.”

அவர் முகத்தில் ஓர் ஏமாற்றம் தெரிந்தது. என் பாடம் சரிந்துபோகிறதே என்று எனக்குப் பதற்றமாக இருந்தது. வீட்டில் எல்லோரும் சேர்ந்துதானே வந்தீர்கள் என்று அவர் அடுத்துக் கேட்டார்.

“நானும் அப்பாவும். அம்மா செத்துப்போயிட்டாங்க சார்.”

வாத்தியார் வேலையில் ஒரு வியாதி உண்டு. தப்பான விடை காதில் விழுந்தால் நம்மைக் கேட்காமலே வாய் திருத்தும். எனக்கு அது பத்துப் பன்னிரண்டு வருஷத்து வியாதி. அதோடு, உண்மையைச் சொன்னால் பாடம் எவ்வளவு உருக்கமாக இருக்கும் என்ற ஆசையும் சேர்ந்துகொண்டது.

“இல்லையே பாக்கியம். சரியாச் சொல்லு. அம்மா அங்கேயேதானே நின்னுட்டாங்க? அவங்க பர்மாக்காரங்கன்னு சாருக்குச் சொல்லு.”

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே கேட்டது.

அவள் என்னைப் பார்க்கவில்லை. மூன்றாவது பெஞ்சில் ஒரு பையன் கையில் இருந்த கட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பின்வரிசையில் ஒருவன், “அதான் மூக்கு அப்படி” என்றான். நாலைந்து பேர் சிரித்தார்கள். டிப்டி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, அம்மாவை விட்டுவிட்டு வரும்போது எப்படி இருந்தது என்று கேட்டார். சொல் என்று நான் தலையை ஆட்டினேன். ஆமாம், ஆட்டினேன்.

கோதை எழுந்தாள்.

“அவளைக் கேக்காதேங்கோ சார். அவ பாடம் இல்லை. பாடத்துல என்ன வேணுமோ என்னைக் கேளுங்கோ, மனப்பாடமா ஒப்பிக்கறேன்.”

டிப்டி முன்னால் ஒரு பெண் எதிர்த்துப் பேசிவிட்டாளே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அவளைக் கையை நீட்டச் சொன்னேன். ரூல் தடியால் உள்ளங்கையில் இரண்டு அடி. மூன்றாவதுக்கும் அவள் கையை எடுக்கவில்லை, நீட்டியபடியே நின்றாள். நான்தான் தடியைக் கீழே வைத்தேன்.

பார்வைப் பதிவேட்டில் டிப்டி எழுதிவிட்டுப் போனது: ‘ஆசிரியர் துணைக்கருவிகளை மிகச் சிறப்பாகப் பயன்படுத்தினார்.’

போகும்போது கட்டையைக் கையில் எடுத்துப் பார்த்து, இதையெல்லாம் பள்ளியில் பாதுகாத்து வைக்க வேண்டும் என்றார். தலைமை ஆசிரியர் அதில் ஒரு சீட்டை ஒட்டி, கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினார். பூகோள உருண்டைக்கும் பாடம் பண்ணின தவளைக்கும் நடுவில் வைத்தார்.

பாக்கியம் அன்று மாலையே வந்து கேட்டாள். நாளைக்கு வாங்கித் தருகிறேன் என்றேன். இன்னொரு நாளும் கேட்டாள். அதே பதில்தான் சொன்னேன். அப்புறம் அவள் கேட்கவில்லை.

மேப்பு

அன்றைக்கு வீட்டில் பெருமையாகச் சொன்னேன். டிப்டி எழுதியதை வரி மாறாமல் ஒப்பித்தேன். என் மனைவி செங்கமலம் மோர் ஊற்றிக்கொண்டிருந்தவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

“அந்தப் பொண்ணு என்ன மேப்பா? ஆணியில மாட்டி வச்சு, குச்சியால தொட்டுத் தொட்டுக் காட்டறதுக்கு?”

பதில் சொல்ல வாயெடுத்தேன்.

“பேசாதீங்க. இனிமே எனக்குன்னு ஒரு ரகசியம் இருந்தா அதையும் உங்ககிட்ட சொல்ல மாட்டேன்” என்றாள். சொன்னபடியே பல வருஷம் இருந்தாள்.

கோயிலுக்குப் போனேன். பெருமாள் முன்னால் கண்ணை மூடினால் பெஞ்சுதான் தெரிந்தது. அவர் பேரில் ஆணையிட்டுவிட்டு அவர் பேரையே கெடுத்தவன், எந்த முகத்தோடு தீர்த்தம் வாங்குவது? கையை நீட்டாமல் வந்துவிட்டேன். நீட்டிய கை என்றாலே கோதையின் கைதான் ஞாபகம் வந்தது.

ஒருத்தர்கிட்டதான் சொன்னேன்

அதற்குப் பிறகு பள்ளியில் நடந்ததை விவரமாக எழுத முடியாது. மூக்கைச் சப்பையாக அழுத்திக்கொண்டு அவள் முன்னால் நடந்து காட்டினார்கள். அத்தை வீட்டுத் தெருவுக்கும் விஷயம் போயிற்று. வாயைத் திறந்துவிட்டாயே என்று அத்தை அடித்தாளாம். அவள் வாயைத் திறக்கவே இல்லை, திறந்தது நான் என்று அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. தெருமுனை வரை போய்த் திரும்பினேன்.

பத்துப் பதினைந்து நாளில் முத்தையா வந்தார். மார்க்கெட்டிலிருந்து நேராக வந்திருந்தார், தோளில் வெங்காயச் சருகு ஒட்டியிருந்தது. கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை.

“நான் உங்க ஒருத்தர்கிட்டதான் சார் சொன்னேன்.”

தோளில் இருந்த சருகைத் தட்டிவிட்டு மேலே சொன்னார்.

“அங்க எங்களைத் தமிழன், போடான்னாங்க. இங்க என் புள்ளையைப் பர்மாக்காரி, போடின்றாங்க. பரவாயில்லை, பழகிக்குவோம். ஆனா அங்க எவனும் நல்லவன் மாதிரி உக்காந்து கேட்டுட்டுச் செய்யலை சார்.”

டி.சி. வாங்கிக்கொண்டு போனார். காரணம் என்ற இடத்தில் தலைமை ஆசிரியர் ‘பெற்றோர் இடமாற்றம்’ என்று எழுதினார். முழுப்பரீட்சைக்கு நாலு மாதம் இருந்தது.

மறுநாள் காலையிலிருந்துதான் கோதை, “உள்ளேன் ஐயா. கட்டை?” என்று கேட்கத் தொடங்கினாள்.

அலமாரி

தை பிறந்த பிறகு ஒருநாள் என்னால் தாங்க முடியவில்லை. தலைமை ஆசிரியரிடம் போய்ச் சாவி கேட்டேன். டிப்டி பார்த்து வைக்கச் சொன்ன பொருள், அடுத்த வருஷம் வந்து கேட்டால் என்ன சொல்வது என்றார். அது ஒரு பிள்ளையின் சொந்தப் பொருள் என்றேன். “ஒரு துண்டு விறகுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?” என்று சிரித்தார். சாவியை மேஜையிலிருந்து நானே எடுத்தேன். அவர் தடுக்கவில்லை. அவர் தடுக்காததைப் பார்த்தபோதுதான், முதல் நாளே எடுத்திருக்கலாம் என்பது உறைத்தது. யாரும் என் கையைப் பிடித்துவைத்திருக்கவில்லை.

முத்தையா உப்பிலியபுரம் பக்கம் போய்விட்டதாகக் கோதைதான் சொன்னாள். அவளுக்குக் கடிதம் வந்திருந்தது. நான் போகிறேன் என்றதும் முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டு, “நான் அடி வாங்கினது வலிக்கலைன்னு சொல்லுங்கோ சார்” என்றாள். அடித்தவனிடமே சொல்லியனுப்பினாள்.

துறையூர் போய் பஸ் மாறிப் போனேன். பச்சைமலை அடிவாரத்தில், மரவள்ளிக் காட்டை ஒட்டி ஒரு கொட்டகை. பாக்கியம் கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். வகுப்பில் எழுந்து நிற்பது போலவே நின்றாள். அது எனக்கு அடி விழுந்த மாதிரி இருந்தது.

கட்டையைக் கொடுத்தேன். கையிலிருந்த மண்ணைப் பாவாடையில் துடைத்துவிட்டு வாங்கி, மூக்கில் வைத்துப் பார்த்தாள்.

“அந்துருண்டை வாசம் வருது சார்” என்றாள்.

அலமாரியில் பூச்சி வராமல் இருக்க நாங்கள்தான் போட்டிருந்தோம்.

சீட்டு இன்னும் அதில் ஒட்டியிருந்தது. அதையாவது கிழித்துவிட்டுக் கொண்டுபோக எனக்குத் தோன்றவில்லை. அவள் நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தாள்.

கோதை சொல்லியனுப்பியதைச் சொன்னேன். லேசாகச் சிரித்தாள். “வலிச்சிருக்கும். அவ அப்படித்தான் சொல்லுவா” என்றாள்.

பள்ளிக்குத் திரும்பி வா, நான் பார்த்துக்கொள்கிறேன், இனி யாரும் உன்னை எழுப்ப மாட்டார்கள் என்றேன்.

“நீங்க எழுப்ப மாட்டீங்க சார். வேற யாராவது வருவாங்க. அவங்க கேட்டா நீங்க எடுத்துக் குடுப்பீங்க.”

அவள் சொன்னது சரிதான்.

முத்தையா வெளியே வந்து, வெயில்ல வந்திருக்கீங்க, காப்பி குடிச்சிட்டுப் போங்க என்றார். வெளியில் கை நனைக்காதவன் நான். வாங்கிக் குடித்தேன். தயவுசெய்து இதை ஒரு பெரிய காரியமாக யாரும் சொல்லாதீர்கள். நாவலில் அந்த ஆசாரக்காரர் தண்ணீர் வாங்கிக் குடித்தார் என்று நான் அழுதிருக்கிறேன். அந்தத் தண்ணீரைக் கொடுத்தவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

பாக்கியம் எட்டாவது முடிக்கவில்லை.

பொன்னாடை

இப்போது மேடைக்கு வருகிறேன். பள்ளியின் பொன்விழா. பழைய ஆசிரியர் என்று என்னை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். பேசியவர் என் பழைய மாணவர், நல்ல பதவியில் இருக்கிறார். ஓர் அகதிப் பெண்ணை இந்த ஆசிரியர் மகளைப் போல அரவணைத்தார் என்றார். அவர் நாவலை நடத்திய விதத்தில் அந்தப் பெண் தானாக எழுந்து தன் துயரத்தைச் சொல்லி அழுதாள், மனப்பாரம் இறங்கியது, இன்ஸ்பெக்டரே கண் கலங்கினார், இலக்கியத்தின் சக்தி என்பது இதுதான் என்றார். கைதட்டல் நிற்க வெகுநேரமாயிற்று.

மூன்றாவது பெஞ்சில் கட்டையை வைத்துக்கொண்டிருந்த பையன் அவர்தான். அவர் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் அவருக்கு ஞாபகம் இருக்கிறது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பொன்னாடையைப் போர்த்தினார்கள். குனிந்து வாங்கிக்கொண்டேன்.

கூட்டம் கலையும்போது ஓர் அம்மாள் எதிரே வந்து நின்றார். முன்நெற்றியில் நரை, நெட்டை உருவம். யார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

“உள்ளேன் ஐயா” என்றார்.

கோதை.

“நீங்க எழுந்து திருத்துவேள்னு உக்காந்துண்டிருந்தேன் சார்” என்றாள்.

தப்பான விடையைத் திருத்தாமல் இருக்க முடியாத வாய் இது. ஒரு குழந்தை தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னதை அந்த நிமிஷமே திருத்தியது. ஊரே கூடி எனக்கு மாலை போடுகிற மாதிரி ஒரு தப்பைச் சொன்னபோது, மூடிக்கொண்டு சிரித்தது.

மறுநாள் கோதையின் வீட்டைத் தேடிப் போனேன். எழுதப்போகிறேன் என்றேன். அவள் உடனே சரி என்று சொல்லவில்லை. அது நம் இருவருக்கும் சொந்தமில்லை, பாக்கியத்திடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். இத்தனை வருஷமும் அவர்களுக்குள் கடிதப் போக்குவரத்து இருந்திருக்கிறது. மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. பாக்கியம் எழுதியிருந்தது இரண்டே வரி. என் பேரைப் போட வேண்டாம். நடந்ததை மாத்தாமல் எழுதச் சொல்லு.

அவள் அம்மாவைப் பற்றிக் கோதையிடம் நான் கேட்கவில்லை. இந்தத் தடவை கேட்கவில்லை.

வாசகர்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம். இதை யாரிடமாவது சொல்வதானால், அதுவும் வாத்தியார்களிடம் சொல்வதானால், இதில் இருக்கிறபடியே சொல்லுங்கள். வாத்தியார் பாவம், மனம் வருந்தினார் என்று ஆரம்பிக்காதீர்கள். கோதைக்கு விழுந்தது இரண்டு அடி, அதை ஒன்றாகக் குறைக்க வேண்டாம். கட்டையைத் திருப்பிக் கொடுத்தார் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள், அதில் என்ன வாசம் வந்தது என்பதையும் சொல்லுங்கள்.

ஏட்டில் மூன்றாவது வரியில் நான் எழுதியதை, பேர் ஒன்றைத் தவிர எழுதினபடியே சொல்லுங்கள். மாணவி பாக்கியம், நேரில்.